நீரிழிவும் சஸ்திர சிகிச்சையும்

நீரிழிவு ஒருவனைப் பற்றினால் ஆயுள் உள்ளளவும் விடாது என்பது வைத்தியர்களும் நோயாளிகளும் நெடுங்காலமாக ஒருங்கே ஒப்பிவந்த கொள்கையாகும். மருந்தினால் அடக்கலாம், பத்தியத்தினால் தணிக்கலாம், வேரறுத்தல் இயலாது என்பதே இது விஷயத்தில் சாஸ்திரமாக நின்றது. இக்கொள்கையைக் கத்தியினால் வெட்டிச் சாய்த்துவிட்டோம் என்று சஸ்திர வைத்தியர்களில் ஒரு சாரார் சென்ற முப்பது வருஷங்களுக்கு மேலாகச் சொல்லி வருகின்றனர். இரைப்பையைச் சுருக்கிக் குடலை மாற்றித் தைத்துவிட்டால், ஊசியும் மாத்திரையும் இன்றியே இரத்தத்திலுள்ள சர்க்கரை சமனப்படுகிறது என்பது அவர்களது கூற்று. மற்றொரு சாராரோ, போன நோய் சில வருஷங்களில் திரும்பி வந்துவிடுகிறதென்றும், கத்தியின் அபாயமும் கைப்பொருள் நஷ்டமுமே மிச்சமென்றும் மறுக்கின்றனர். இவ்விரு கட்சியாருக்கும் நடுவில் நின்று திகைப்பவன் நோயாளி.

வழக்குப் புதிதாயிருந்த காலத்தில் இரு தரப்பிலும் வாதம் மிகுதியாகவும் சாட்சியம் சொற்பமாகவும் இருந்தன. இன்று நிலைமை அவ்வாறில்லை. பத்து, பன்னிரண்டு, பதினைந்து, இருபது வருஷங்கள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய கணக்குகள் பல தேசங்களிலிருந்து வெளிவந்துள்ளன. அவற்றை ஒருவாறு நிதானமாக வாசித்துப் பார்க்குமிடத்து, நோய் தீர்ந்ததா, தீரவில்லையா என்று இரு கட்சியாரும் சண்டையிட்டுக்கொள்ளும் அந்தக் கேள்வியே பிசகானது என்பது நமது அபிப்பிராயம். கேட்கவேண்டிய கேள்வி வேறு. அதை நேயர்கள்முன் வைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதற்கண், எந்த நீரிழிவு, எந்தச் சிகிச்சை என்பதைச் சொல்லிவிடுவோம். நீரிழிவில் பிரதானமாக இரண்டு வகைகள் உள. முதல் வகையில் இன்சுலினைச் சுரக்கும் கணைய அணுக்களே அழிந்துபோகின்றன. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. நாளடைவில் சுரப்பும் குன்றிவிடுகிறது. நம்மிடையே நடுவயதில் காணப்படும் நீரிழிவில் பெரும்பகுதி இவ்விரண்டாம் வகையே. இங்கே பேச்சு இதனைப் பற்றியது. சிகிச்சையிலும் இக்காலத்தில் முக்கியமாக இரண்டு முறைகள் வழங்குகின்றன. ஒன்று 'பைபாஸ்'. இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு கிண்ணமளவு மட்டும் பிரித்து, சிறுகுடலைச் சற்றுத் தூரத்தில் வெட்டி அதில் இணைத்துவிடுகிறார்கள். உண்ட உணவு இரைப்பையின் பெரும்பாகத்தையும் முன்சிறுகுடலையும் தொடாமலே கீழே சென்றுவிடும். மற்றொன்று 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நீளவாட்டில் வெட்டி எடுத்துவிட்டு, சட்டைக்கையைப் போன்ற ஒரு குழாயை மாத்திரம் மிச்சம் வைப்பது. இதில் குடலைத் தொடுவதில்லை. செய்வது எளிதாகையால் உலகமெங்கும் இப்போது ஸ்லீவே அதிகமாகச் செய்யப்படுகிறது.

இவை நீரிழிவுக்கென்று தோன்றியவை அல்ல. மிதமிஞ்சிய உடற்பருமனைக் குறைக்கவே ஏற்பட்டவை. 1954-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் மின்னஸோட்டாவில் கிரெமன், லின்னர் என்போர் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கிவிடும் முறையொன்றை வெளியிட்டனர். இளைத்தவர் பலர், ஆனால் கல்லீரல் கெட்டும், சிறுநீரகத்தில் கல் விழுந்தும், மூட்டுகள் வீங்கியும் அவதியுற்றவரும் பலர். வைத்தியர்கள் அம்முறையை ஒருங்கே கைவிட்டார்கள். முன்னே தைத்ததை மீண்டும் பிரித்துப் பழையபடி இணைக்க நேர்ந்ததும் உண்டு. இன்று புதுமுறைகளைப் புகழ்வோர் இச்சரித்திரத்தை மறந்துவிடலாகாது. நெடுநாட் கணக்கைப் பார்க்குமுன் ஒரு சிகிச்சையைக் கொண்டாடுவதன் விலை இன்னதென்று அது காட்டுகிறது. அதன்பின் 1966-இல் ஐயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேஸன் என்பவர் இட்டோவுடன் சேர்ந்து செய்த இரைப்பை பைபாஸிலிருந்தே தற்காலத்து முறைகள் கிளைத்தன.

நீரிழிவின் பக்கம் உலகத்தின் கண்ணைத் திருப்பியது 1995-ஆம் வருஷத்தில் வால்டர் போரீஸ் என்ற சஸ்திர வைத்தியரும் அவருடைய சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரை. வட கரோலினா மாகாணத்துக் கிரீன்வில் நகரத்தில் பருமனுக்காகச் சிகிச்சை பெற்ற 608 பேரில் 146 பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பான அளவுக்கு வந்து நிலைத்தது என்று அவர்கள் எழுதினார்கள். நூற்றுக்கு 83 பேர்! 'யார்தாம் இதை நினைத்திருப்பார்?' என்ற கேள்வியையே கட்டுரைக்குத் தலைப்பாகவும் இட்டார்கள். வைத்திய சாஸ்திரப் பத்திரிகையில் இத்தகைய தலைப்பு அபூர்வம். பருமன் குறையவேண்டி அறுத்தார்கள். அதனோடு சர்க்கரையும் குறைந்தது. அதிலும் விந்தை யாதெனில், உடல் இளைப்பதற்கு முன்பே, அறுத்த சில தினங்களுக்குள்ளேயே சர்க்கரை இறங்கத் தொடங்கியதுதான்.

அது எவ்வாறு நிகழ்கிறதென்பதைப் பற்றி இன்னும் விவாதம் ஓயவில்லை. குடலின் கீழ்ப்பகுதிக்கு உணவு விரைவில் சென்று சேர்வதால் இன்சுலினைத் தூண்டும் ரஸங்கள் அதிகமாகச் சுரக்கின்றன என்பர் சிலர். ஆகாரம் திடீரென்று குறைவதால் கல்லீரலில் படிந்த கொழுப்புக் கரைவதே காரணமென்பர் வேறு சிலர். 2020-இல் அமெரிக்காவின் ஸெயிண்ட் லூயிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், பைபாஸ் செய்துகொண்டவரையும் பத்தியத்தினால் அதே அளவு இளைத்தவரையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரு சாராருக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றே என்றனர். அவர்கள் பார்த்தது 22 பேரையே. பத்தியத்தினால் அவ்வளவு இளைத்து, இளைத்தபடியே வருஷக்கணக்காக இருப்பவர் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி.

நிற்க. இனிச் சாட்சியத்துக்கு வருவோம். அதற்குமுன் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லவேண்டும். 'நோய் தீர்ந்தது' என்று வைத்திய சாஸ்திரம் சொல்வதில்லை. 'நோய் தணிந்து நிற்கிறது' என்றே சொல்கிறது. 2021-இல் பல தேசத்து நிபுணர்கள் கூடி இதற்கு இலக்கணம் வகுத்தார்கள். நீரிழிவு மருந்தை அடியோடு நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் சென்றபின், ஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரிக் கணக்கு 6.5 சதவிகிதத்துக்குக் கீழ் இருந்தால் அது தணிவு. நியாயஸ்தல பாஷையில் கூறினால், இது தடையுத்தரவு போன்றது; வழக்கைத் தள்ளுபடி செய்த தீர்ப்பன்று. தடையுத்தரவு பெற்றவன் தீர்ப்புப் பெற்றதாக எண்ணி வக்கீலையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நம் நேயர்களில் கோர்ட்டு வாசலை மிதித்தவர்கள் அறிவார்கள்.

சாட்சிகளில் மிகவும் முக்கியமானது ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சி. லார்ஸ் ஸ்யோஸ்ட்ரோம் என்னும் வைத்தியரின் தலைமையில் 1987-இல் தொடங்கிய இவ்வாராய்ச்சியில், 2001 வரையில், சிகிச்சை பெற்ற பருத்தவர்கள் 2,010 பேரும், வயதிலும் எடையிலும் பிற அம்சங்களிலும் அவர்களை ஒத்து, சஸ்திர சிகிச்சை பெறாத 2,037 பேரும் சேர்க்கப்பட்டனர். ஆரம்பத்திலேயே நீரிழிவு இருந்தவர்கள் முதற் பிரிவில் 343 பேர், இரண்டாம் பிரிவில் 260 பேர். இவர்களுடைய வரலாறு 2014-இல் வெளிவந்தது. இரண்டு வருஷம் ஆனபோது, அறுத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு நோய் தணிந்திருந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு 16 பேருக்கே. பதினைந்து வருஷம் சென்றபின் அந்த 72 முப்பதாகக் குறைந்துவிட்டது. 16 ஆறரையாகக் குறைந்தது.

நோய் திரும்பி வருகிறது என்று வாதிப்போர் இந்த இடத்தில் புஸ்தகத்தை மூடிவிடுகிறார்கள். எழுபத்திரண்டு எங்கே, முப்பது எங்கே என்பது அவர்கள் கேள்வி. அடுத்த பக்கத்தைப் புரட்டினால்தான் விஷயம் விளங்கும். நீரிழிவினால் மனிதன் சாவது சர்க்கரை என்ற எண்ணிக்கையினால் அன்று. கண் ஒளி இழப்பதும், சிறுநீரகம் அழிவதும், கால் மரத்துப் புண்ணாகி வெட்டப்படுவதும், மாரடைப்பும், பக்கவாதமுமே அந்நோயின் உண்மையான கொடுமை. ஸ்வீடன்காரர் தேசத்து வைத்தியப் பதிவேடுகளைப் பார்த்து இவற்றையும் எண்ணினார்கள். கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் நுண்ணிய நாளங்களைச் சார்ந்த கேடுகள், சிகிச்சை பெறாதவர்களில் ஆயிரம் பேருக்கு வருஷத்திற்கு 41.8 வீதம் நேர்ந்தன, பெற்றவர்களில் 20.6 வீதம். பாதிக்கும் குறைவு! இருதயம், மூளை, கால் ஆகியவற்றின் பெரிய நாளங்களைச் சார்ந்த கேடுகள் 44.2-க்கு எதிராக 31.7. இக்கணக்கு சராசரியாகப் பதினேழு பதினெட்டு வருஷங்களைத் தழுவியது. நோய் தணிந்தே நின்றவரை மாத்திரமன்றி, நோய் திரும்பி வந்தவரையும் உள்ளடக்கியது. சர்க்கரை ஏட்டில் தோற்றதுபோல் காணப்பட்டவர்கள், உறுப்புகளின் ஏட்டில் தோற்கவில்லை.

ஒரு கட்சிக்குச் சாதகமான சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவது முறையன்று. இந்த ஆராய்ச்சியில் யாரை அறுப்பது, யாரை விடுவது என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கப்படவில்லை, விரும்பியவர் அறுத்துக்கொண்டனர். அக்காலத்தில் இச்சிகிச்சையில் மரணம் அதிகமாயிருந்தபடியால், சீட்டுக் குலுக்கிச் சேர்ப்பதற்கு அங்கிருந்த தர்மநெறிச் சபைகள் அனுமதி அளிக்கவில்லை. அன்றியும், அங்கே பெரும்பாலோருக்குச் செய்யப்பட்டது, இரைப்பையைத் தைத்துப் பட்டை கட்டும் ஒரு பழைய முறை. இன்று அதை ஏறக்குறைய யாரும் செய்வதில்லை. பைபாஸ் பெற்றவர் எட்டில் ஒரு பங்கினரே. பதினைந்தாம் வருஷத்துப் பரிசோதனைக்கு வந்தவர் தொகை பாதிக்கும் குறைவு. ஆகவே 72, 30 என்ற எண்களை அப்படியே எடுத்து இன்றைய நோயாளியின் கையில் கொடுத்துவிடலாகாது. எனினும், உறுப்புகளின் கேடுகள் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டமையால், வராதவர்களும் அக்கணக்கில் அடங்குவர் என்பதைக் கவனிக்கவேண்டும்.

சீட்டுக் குலுக்கிச் செய்த பரீட்சைகளும் பின்னர் வந்துவிட்டன. ரோமாபுரியில் கத்தோலிக்க சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெல்த்ருதே மிங்ரோனே என்னும் பெண் வைத்தியரும் அவருடைய சகாக்களும் 60 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தனர். இருபது பேருக்கு மருந்து. இருபது பேருக்கு பைபாஸ். இருபது பேருக்குப் பித்தமும் கணைய நீரும் உணவோடு கலப்பதையே குடலின் கடைசிப் பகுதிவரை ஒத்திப்போடும் கடினமானதொரு முறை. எல்லோரும் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் நோயுற்றவர்கள். பத்து வருஷம் கழித்து, 2021-இல், அவர்கள் எழுதிய முடிவு இது: பைபாஸ் பெற்றவரில் நாலில் ஒருவருக்கும், கடின முறை பெற்றவரில் இருவரில் ஒருவருக்கும் நோய் தணிந்தே இருந்தது. இரண்டாம் வருஷத்தில் தணிந்து நின்ற 34 பேரில் 20 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. திரும்பியவர்களின் ஏ1சி சராசரி என்னவென்று பார்த்தால் 6.7! மருந்து மட்டும் உண்போரில் எத்தனையோ பேர் தவமிருந்தும் எட்டாத எண் அது. நீரிழிவைச் சார்ந்த உறுப்புக் கேடுகள் மருந்துப் பிரிவினரில் நூற்றுக்கு 72 பேருக்கும், பைபாஸ் பிரிவினரில் நூற்றுக்கு ஐவருக்கும் நேர்ந்தன. கடின முறை பெற்றவர் ஒருவருக்கும் நேரவில்லை. ஆனால் சத்துக்குறைவு முதலிய உபத்திரவங்கள் அவர்களுக்கே அதிகம். தொகை சிறிது என்பது மெய். அறுபது பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பெழுத முடியாது. ஆயினும் ஸ்வீடனில் பெரிய தொகையில் கண்டது ரோமாபுரியில் சிறிய தொகையிலும் காணப்படுகிறது.

அமெரிக்கப் பரீட்சைகள் இவ்வளவு இனிமையாக இல்லை. க்ளீவ்லண்ட் நகரத்தில் 150 பேரை வைத்துச் செய்த பரீட்சையின் ஐந்தாம் வருஷக் கணக்கு 2017-இல் வந்தது. ஏ1சி 6 அல்லது அதற்குக் கீழ் என்ற கண்டிப்பான இலக்கை எட்டியவர் பைபாஸில் நூற்றுக்கு 29, ஸ்லீவில் 23, மருந்தில் 5. இதனையும் பிட்ஸ்பர்க், பாஸ்டன், ஸியாட்டில் நகரங்களில் நடந்த மூன்று பரீட்சைகளையும் ஒன்றுசேர்த்து, 262 பேரைப் பன்னிரண்டு வருஷம் வரை தொடர்ந்த முடிவு 2024-இல் வெளியாயிற்று. ஏழாம் வருஷத்தில் தணிவு கண்டவர், அறுத்துக்கொண்டவரில் நூற்றுக்கு 18, மற்றவரில் 6. பன்னிரண்டாம் வருஷத்தில் முன்னவரில் 12.7; பின்னவரில் ஒருவருமில்லை. ஸ்வீடனின் முப்பதையும் இந்தப் பன்னிரண்டையும் பக்கத்தில் வைத்து மலைக்கவேண்டாம். தணிவுக்கு வகுத்த அளவுகோல் வேறு; நோயாளிகளின் நோய்முதிர்ச்சியும் வேறு. மனத்தில் வைக்கவேண்டியது, பன்னிரண்டாம் வருஷத்திலும் இரு பிரிவினரின் ஏ1சிக்கு இடையே 1.1 சதவிகித வித்தியாசம் நிலைத்திருந்தது என்பதே. ஏழாம் வருஷத்தில் அது 1.4.

ஆக, தணிவு தேய்கிறது. பலன் முற்றும் தேய்ந்துபோகவில்லை. இவ்விரண்டையும் இணைத்துக் காட்டும் ஒரு கணக்கு 2016-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. சிகிச்சை பெற்ற நாலாயிரத்து அறுநூறு பேருக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளைப் பரிசீலித்ததில், நோய் தணிந்து பின் திரும்பியவர்களுக்கு, தணிந்து கழித்த ஒவ்வொரு வருஷத்திற்கும் நுண்ணிய நாளக் கேடு நூற்றுக்கு 19 பங்கு வீதம் குறைகிறது என்று கண்டார்கள். ஐந்து வருஷம் சர்க்கரையின்றி வாழ்ந்து ஆறாம் வருஷம் மீண்டும் மாத்திரைக்குத் திரும்பியவன், ஐந்து வருஷத்தையும் வீணாக்கினான் அல்லன். அவனுடைய கண்ணும் சிறுநீரகமும் அந்த ஐந்து வருஷத்தைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டன. இதனாலேயே, 'தீர்ந்ததா?' என்ற கேள்வி பிசகு என்று மேலே கூறினோம். 'எத்தனை வருஷம் தள்ளிப்போயிற்று, தள்ளிப்போன காலத்தில் எந்த உறுப்பு காப்பாற்றப்பட்டது?' என்பதே கேட்கத்தக்கது.

அப்படியானால் எல்லோரும் கத்திக்கு உடலை நீட்டிவிடலாமா? செலவுப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். மரணம் இப்போது அரிதாகிவிட்டது. ஸ்வீடன் ஆராய்ச்சியில் முதல் தொண்ணூறு நாட்களில் இறந்தவர் ஆயிரத்துக்கு இருவர். ஆனால் அறுத்தபின் வாழ்க்கை பழைய வாழ்க்கையன்று. முன்சிறுகுடலைத் தாண்டி உணவு போவதால் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் சரியாக உடலில் சேர்வதில்லை. பி12 ஜீவசத்தும் அப்படியே. 2024-ஆம் வருஷக் கணக்கில் இரத்தசோகையும், எலும்பு முறிவும், வயிற்று உபத்திரவங்களும் அறுத்துக்கொண்டவரிடையே அதிகம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். இனிப்பு உண்டவுடன் படபடப்பும் மயக்கமும் வருவதுண்டு. உணவுக்குப்பின் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிவிடுவதும் உண்டு. நீரிழிவுக்காரனுக்கு இது விசித்திரமான புது உபாதை! பைபாஸில் குடல் உள்ளேயே சிக்கிக்கொண்டு, பல வருஷம் கழித்தும் அவசர சிகிச்சை வேண்டியதாகலாம். ஸ்லீவ் பெற்றவருக்கு அமிலம் மேலெழும். பின்லாந்து தேசத்தில் 240 பேரை வைத்து இரு முறைகளையும் ஒப்பிட்ட பரீட்சையின் பத்தாம் வருஷத்தில், உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவில் நூற்றுக்கு 31 பேருக்கும் பைபாஸில் 7 பேருக்கும் இருந்தது. நீரிழிவுத் தணிவில் 26-க்கும் 33-க்கும் உள்ள வித்தியாசம் உறுதியானதன்று என்றார்கள்.

மனத்தைச் சார்ந்த அபாயங்கள் விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை. பைபாஸுக்குப்பின் மது விரைவில் தலைக்கேறுகிறது. அமெரிக்கக் கணக்கொன்றில், மதுப் பழக்கக் கோளாறு அறுப்பதற்கு முந்திய வருஷத்தில் நூற்றுக்கு 7.6 பேருக்கு இருந்தது. அறுத்த இரண்டாம் வருஷத்தில் 9.6 ஆயிற்று. யூட்டா மாகாணத்தில் 2007-இல் வெளியான பெரிய ஆராய்ச்சியொன்று, மொத்த மரணம் நூற்றுக்கு 40 பங்கும், நீரிழிவினால் நேரும் மரணம் 92 பங்கும் குறைந்தது என்று மகிழ்ச்சியோடு அறிவித்தது. அதே கட்டுரையில், நோயைச் சாராத மரணங்கள், அதாவது விபத்தும் தற்கொலையும் போன்றவை, 58 பங்கு அதிகம் என்றும் எழுதியிருந்தது. முந்திய வாக்கியத்தை எடுத்தோதுவோர் பிந்திய வாக்கியத்தையும் ஓதுதல் கடமை. ஆயுளைப் பற்றியும் அவ்வாறே. ஸ்வீடனில் சிகிச்சை பெற்ற பருத்தவர்கள், பெறாத பருத்தவர்களைவிட 3 வருஷம் அதிகம் வாழ்வர் என்று 2020-இல் கணக்கிட்டனர். ஆனால் சாமானிய ஜனங்களைவிட ஐந்தரை வருஷம் குறைவாகவே வாழ்வர் என்பதும் அதே கணக்கு.

யாருக்குப் பலன் அதிகம் என்பதில் இப்போது பெரிய சந்தேகமில்லை. நோய் வந்து சில வருஷங்களே ஆனவர், இன்சுலின் ஊசியைத் தொடாதவர், கணையத்தில் சுரப்பு எஞ்சியிருப்பவர், இவர்களுக்குத் தணிவு எளிதில் வருகிறது, நெடுநாள் நிற்கிறது. இருபது வருஷம் நோயோடு போராடிக் கணையம் வறண்டபின் வருபவருக்குத் தணிவு அரிது. ஆனால் நடைமுறையோ நேர்மாறாயிருக்கிறது. எல்லா மருந்தும் தோற்றபின், கடைசிப் புகலிடமாகவே பலர் இச்சிகிச்சைக்கு வருகின்றனர். முறையீட்டுக் காலம் கடந்தபின் அப்பீல் போடுவது போன்றது இது.

இனி நம் நாட்டின் நிலைமை. 2023-இல் வெளியான இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கௌன்சிலின் தேசவியாபகமான கணக்கின்படி, இந்தியாவில் நீரிழிவுற்றவர் 10 கோடிக்கு மேல். மேனாட்டாரைப்போல் பெரும் பருமன் அடையாமலே, கைகால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்த நிலையிலேயே நம்மவருக்கு இந்நோய் வந்துவிடுகிறது. இதை முன்னிட்டே, லண்டனில் 2015-இல் கூடிய நிபுணர் மகாநாடு வகுத்து, 45 வைத்திய ஸ்தாபனங்கள் ஒப்புக்கொண்டு மறு வருஷம் வெளியான விதிகளில், பி.எம்.ஐ. என்னும் பருமன் அளவு மற்றவருக்கு 30 ஆனால் ஆசியருக்கு 27.5 என்று குறைத்து வைக்கப்பட்டது. மருந்தினால் சர்க்கரை அடங்காவிடில் அந்த அளவிலிருந்தே சஸ்திர சிகிச்சையை ஆலோசிக்கலாம் என்பது விதி. ஐந்தடி ஐந்தங்குல மனிதனுக்கு அது சுமார் 75 கிலோ. நம் தெருக்களில் அவனைப் பருத்தவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். விதி குறைந்ததே தவிர, அந்த அளவிலுள்ளவர்களைப் பதினைந்து இருபது வருஷம் தொடர்ந்த கணக்கு, மேலே சொன்ன ஐரோப்பியக் கணக்கின் பருமனுக்கு இல்லை. ஸ்வீடனில் சேர்க்கப்பட்ட ஆண்களின் அளவு 34-க்குக் குறையாதது, பெண்களுடையது 38-க்குக் குறையாதது. தைவான் தேசத்து நோயாளிகளையும் சேர்த்து 120 பேரோடு நடந்த பரீட்சையில் ஐந்தாம் வருஷம் ஏ1சி 7-க்குக் கீழ் வந்தவர் பைபாஸில் நூற்றுக்கு 55, மருந்தில் 14 என்பது ஆசியருக்குச் சற்றே நெருங்கிய சாட்சியம். மேனாட்டு எண்களை மொழிபெயர்த்து நம் நோயாளியிடம் வாக்குறுதியாகக் கொடுக்கும் வைத்தியர் இந்த வித்தியாசத்தையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

புதிய ஊசி மருந்துகள் வந்திருக்கையில் கத்தி எதற்கு என்று கேட்பாரும் உளர். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸெமாக்ளூடைடும், 2022-இல் பெற்ற டிர்ஸெபடைடும் சர்க்கரையையும் எடையையும் வெகுவாகக் குறைக்கின்றன என்பதில் தடையில்லை. மேலே கண்ட நெடுநாட் பரீட்சைகளில் மருந்துப் பிரிவினர் பெரும்பாலும் இவற்றுக்கு முந்திய மருந்துகளையே உண்டவர்கள். ஆகையால் இன்றைய மருந்துக்கும் கத்திக்கும் உள்ள தூரம் அக்கணக்குகளில் கண்டதைவிடக் குறுகியிருக்கக்கூடும். மறுபுறத்தில், இம்மருந்துகளை நிறுத்தினால் எடையும் சர்க்கரையும் ஏறுகின்றன. அவற்றின் வயதும் குறைவு.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வீடனில் வைத்தியச் செலவைப் பெரும்பாலும் சர்க்கார் பொதுப்பணத்திலிருந்து ஏற்கிறது. அங்கே நீரிழிவு நோயாளிகளின் பதினைந்து வருஷச் செலவைக் கூட்டிப் பார்த்தபோது, அறுத்த செலவை மருந்தில் மிச்சமானது ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டது. முதலில் கொடுப்பவரும் பின்னால் மிச்சம் பிடிப்பவரும் ஒருவரே என்றால் இந்தக் கணக்குச் சரி. நிலத்தை ஈடுவைத்துச் சிகிச்சைக்கு வரும் குடும்பத்துக்கு, பதினைந்தாம் வருஷத்தில் கிட்டும் மிச்சம் முதல் வருஷத்து வட்டியைக் கட்ட உதவாது. அவ்வாறு வருபவரிடத்தில் 'பூரண குணம்' என்று சொல்லிப் பணம் வாங்குவது எவ்வகையிலும் நேர்மையாகாது. அதனால் விளையும் தீங்கு பணத்தோடு நிற்பதில்லை. பூரண குணமென்று நம்பியவன் கண் பரிசோதனைக்குப் போகமாட்டான், சிறுநீரைச் சோதிக்கமாட்டான், இரும்பு மாத்திரையையும் பி12 ஊசியையும் இரண்டாம் வருஷத்தில் நிறுத்திவிடுவான். ஆறாம் வருஷத்தில் நோய் ஓசையின்றித் திரும்பி வரும்போது அதைப் பார்க்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

ஸ்வீடன்காரர் இதற்கும் வழி செய்திருக்கின்றனர். 2007 முதல் பருமன் சிகிச்சைக்கென்றே அவர்கள் தேசவியாபகமான பேரேடு ஒன்றை நடத்துகிறார்கள். அறுத்துக்கொண்டவரின் நிலைமை முதல் வருஷம், இரண்டாம் வருஷம், ஐந்தாம் வருஷம், பத்தாம் வருஷம் என்று அதில் பதிவாகிறது. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு என்ன ஆயிற்று என்பது அதனால் தெரிகிறது. அப்பேரேட்டைக் கொண்டே, எட்டாயிரத்து ஐந்நூறு நீரிழிவு நோயாளிகளுக்குமேல் எண்ணி, இரண்டாம் வருஷத்தில் நூற்றுக்கு 77 பேரும் ஐந்தாம் வருஷத்தில் 70 பேரும் நீரிழிவு மருந்தின்றி இருந்தனர் என்று 2019-இல் வெளியிட்டார்கள். எழுபத்தேழைச் சொல்லி எழுபதை மறைக்க அங்கே வழியில்லை.

நம் சர்க்கார் செய்யவேண்டுவது பெரிதொன்றும் இல்லை. இச்சிகிச்சையைச் செய்யும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன்னிடம் அறுத்துக்கொண்ட நீரிழிவு நோயாளிகள் இத்தனை பேர், அவர்களில் ஐந்தாம் வருஷம் பரிசோதனைக்கு வந்தவர் இத்தனை பேர், பத்தாம் வருஷம் வந்தவர் இத்தனை பேர், வந்தவர்களின் ஏ1சியும் கண்ணும் சிறுநீரகமும் இன்ன நிலையில் உள்ளன என்று வருஷந்தோறும் கணக்கு ஒப்பிக்கும்படி விதிக்கவேண்டும். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில், ஆயுள் முழுவதும் எந்தச் சோதனையை எந்த மாதத்தில் செய்துகொள்ளவேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட்டுத் தரவேண்டும். விளம்பரத்தில் முதல் வருஷத்துத் தணிவைக் கொட்டை எழுத்தில் போடும் ஆஸ்பத்திரி, பத்தாம் வருஷத்துத் தணிவையும் அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில் போடக்கடவது. பத்து வருஷக் கணக்கு இல்லாத ஆஸ்பத்திரி, இல்லை என்பதை அந்த இடத்தில் அச்சிடட்டும்.